இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி

என் வீட்டுக்காரர் திருடர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். சுவர் ஏறிக் குதிக்கிற திருடர்கள் அல்ல. உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிடுகிறார்களே, அவர்கள். எப்படி நுழைகிறார்கள், எங்கே கை வைக்கிறார்கள், எப்படித் தடுப்பது என்று இதுவரை நான்கு புத்தகங்கள். கேட்டால் பெரிய சூராதி சூரர் மாதிரித் தெரியும். நேரில் பார்த்தால் சிரித்துவிடுவீர்கள். முட்டி வலிக்காரர். மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவார். வெளியே கிளம்பினால் வாசல் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை போனதும் நின்று என் முகத்தைப் பார்ப்பார். "பூட்டியாச்சு, நானும் பார்த்தேன், நடங்க" என்று நான் சொன்னால்தான் கால் நகரும். சொந்தத்தில் அவருக்குப் பூட்டு மாமா என்றே பெயர்.

அந்தச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு விசேஷத்துக்குப் போய் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது. ஒருத்தி நைசாக அவர் பக்கத்தில் வந்து உட்காருவாள். "மாமா, எங்க வீட்டுக்காரர் போனைக் கொஞ்சம் திறந்து குடுங்களேன். யார்கிட்ட பேசறாருன்னு மட்டும் பார்த்துட்டு மூடிடறேன்." இன்னொருத்தன், "சித்தப்பா, மார்க்குல ஒரு பத்து மட்டும் ஏத்த முடியுமா?" என்பான். இவருக்கு வேர்த்துக் கொட்டும். அதெல்லாம் தப்பு என்று இவர் தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள், "பெரிய்ய புக்கு எழுதறாராம்" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இத்தனைக்கும் அந்த மனுஷர் தன்னுடையதல்லாத கம்ப்யூட்டருக்குள் ஒரு நாளும் நுழைந்ததில்லை. பின்னறையில் பழைய கம்ப்யூட்டர்கள் மூன்று இருக்கின்றன. மின்விசிறியின் இரைச்சலும் சூடான தூசி வாசனையுமாக அந்த அறை எப்போதும் ஒரு மாதிரி இருக்கும். ஒன்றில் பூட்டுப் போடுவார், இன்னொன்றிலிருந்து அதை உடைப்பார், எப்படி உடைந்தது என்று எழுதுவார். முதலில் ஒரு பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். மாணவர்களுக்காக எழுதிய குறிப்புகள்தான் புத்தகமாயின. புனைபெயரில்தான் எழுதுவார். புகைப்படம் போட விடமாட்டார். நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

"ஊர்ல இருக்கறவன்லாம் பின்னட்டையில பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறான். உங்களுக்கு மட்டும் என்ன வந்தது?"

"நம்மளப் பத்தி வெளியே எவ்வளவு குறைவா இருக்கோ அவ்வளவு நல்லது. ரெண்டாவது அத்தியாயத்துல எழுதியிருக்கேன், படி."

படிக்காமலா இருக்கிறேன்? அவர் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்ப்பதே நான்தான். எனக்குக் கம்ப்யூட்டரில் அ, ஆ தெரியாது. பதிப்பாளருக்கு அதுதான் பிடித்தது. விஷயம் தெரிந்தவர்கள் கருத்தைப் படித்துக்கொண்டு போய் எழுத்துப் பிழையை விட்டுவிடுவார்களாம். நான் எழுத்தை மட்டும் பார்ப்பேனாம். பென்சில், அழிரப்பர், சாப்பாட்டு மேசையின் ஓரம். இப்படித்தான் நான்கு புத்தகங்களும் என் கை வழியாகப் போயின. எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்?

மூன்றாவது புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிற சமயம். அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். பதிப்பாளர் போன் செய்தார்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. புத்தகம் கரெக்டா இருநூத்தி நாப்பது பக்கம் வரணும். ஒரே ஒரு வரி ஓடிப்போய் அடுத்த பக்கத்துல உக்காந்திருக்கு. அந்த ஒரு வரிக்காக நான் இன்னொரு ஃபாரம் போடணும், பதினாறு பக்கம். கடைசி அத்தியாயத்துல எங்கயாவது ஒரு வரி கிள்ளிக் குடுங்களேன்."

அச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. பதினாறு பதினாறு பக்கமாகத்தான் தாள் ஓடும். பதினேழாவது பக்கம் என்று தனியாக ஒன்று கிடையாது. நான் இவரிடம் போய்க் கேட்டேன். போர்வைக்குள்ளிருந்து, "திரும்பத் திரும்ப வர்றது ஏதாவது இருந்தா எடுத்துடு" என்றார்.

திரும்பத் திரும்ப வருவது ஒன்று இருந்தது. இவர் புத்தகத்தில் மாதிரிக்கு ஒரு கடவுச்சொல் கொடுத்திருந்தார். எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே மழை. கிளம்ப வேண்டும், குடையைக் காணோம். அதையே ஆங்கில எழுத்தில் 'குடை எங்கே' என்று அடித்து, பின்னால் எழுபத்தேழு சேர்த்துவிட்டார். அது வருகிற இடத்தில் எல்லாம் கீழே ஒரு வரி: 'இந்தக் கடவுச்சொல் மாதிரிக்கு மட்டுமே, உங்களுடையதை வையுங்கள்.' புத்தகம் முழுக்க ஏழு இடத்தில். ஒரு விஷயத்தை ஏழு தடவையா சொல்வார்கள், படிக்கிறவன் என்ன மண்டூகமா என்று எனக்கு எரிச்சல். கடைசி அத்தியாயத்தில், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்த ஏழாவதை அடித்தேன். ஓடிப்போன வரி உள்ளே வந்து உட்கார்ந்தது. பதிப்பாளர், "தெய்வம் அக்கா நீங்க" என்றார்.

எட்டு மாதம் கழித்து ஒரு வாசகர் கடிதம் வந்தது. பதிப்பாளர் அனுப்பி வைத்திருந்தார். ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் எழுதியது. இவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகப் படித்தார். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"'ஐயா, எங்கள் மருத்துவமனையின் சர்வரைத் தங்கள் புத்தகத்தைப் பார்த்தே அமைத்தேன். 212ஆம் பக்கத்தில் உள்ளதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே செய்திருக்கிறேன். இனி எங்கள் நோயாளிகளின் பதிவுகள் பத்திரம்.'"

"பரவாயில்லையே! வேலைக்காகுதே உங்க புக்கு" என்றேன்.

அவர் கடிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "ஓர் எழுத்துகூட மாற்றாமல்" என்று மறுபடி ஒரு முறை படித்தார். எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து முதல் பதிப்பை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"இங்க ஒரு வரி இருந்துச்சே. எங்க போச்சு?"

எந்த வரி என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. "பக்கம் போடறப்ப விழுந்திருக்கும்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவரிடம் நான் சொன்ன பொய்களை எண்ணினால் ஒரு கைக்குள் அடங்கும். இது எனக்காக மட்டும் சொன்ன பொய்.

"அந்தப் புக்கை எத்தனை பேர் வாங்கியிருப்பாங்க? அத்தனை பேர் கையிலயும் அந்த ஆஸ்பத்திரிச் சாவி இருக்கு" என்றார். "இந்த மாதிரிப் புக்கை நல்லவன் மட்டுமா வாங்கறான்?"

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்தார். "உங்க சர்வரோட பாஸ்வேர்ட் வெளியே தெரிஞ்சிருக்கு, உடனே மாத்தணும்" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், போனை எடுத்த பெண் பட்டென்று வைத்துவிட்டாள். மறுபடி போட்டார். மறுபடி வைத்தாள். நான்காவது தடவை, "இதோ பாருங்க, பாஸ்வேர்டைப் பத்திப் பேசி அவசரப்படுத்தறவன் போனை உடனே வைக்கணும்னு எங்களுக்கு எழுதி ஒட்டியிருக்கு" என்றாள். எங்கிருந்து எடுத்து எழுதி ஒட்டியது என்று கேட்கவே வேண்டாம். ஆறாவது அத்தியாயம், முதல் பத்தி. இவர் எழுதியதுதான்.

நேரில் போனோம். நானும் கூடப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. காத்திருக்கிற கூடத்தில் இரும்பு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. என் பக்கத்தில் ஓர் அம்மா, மடியில் சாய்ந்து தூங்குகிற ஒன்பது வயதுப் பெண். குழந்தைக்குக் கைக்குழந்தையிலிருந்தே வலிப்பு. காலடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை நிறையக் காகிதங்கள்.

"ஒம்பது வருஷத்துச் சீட்டுங்க. எந்த மாத்திரை கேட்டுச்சு, எது கேக்கல, எல்லாம் இதுலதான் இருக்கு" என்றாள். "ஒரு மாத்திரை ஒத்துக்காம உடம்பெல்லாம் கொப்புளம் போட்டுப் பொழைச்சதே பெரிசு. இப்பதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க. இனிமே இந்த மூட்டையைத் தூக்கிட்டு வர வேண்டாம்னுட்டாங்க. அப்பாடான்னு இருக்கு."

"எதுக்கும் பத்திரமா வச்சுக்கோங்க" என்றேன்.

"அட நீங்க வேற! இருக்கறது ஒத்தை ரூம். கால் நீட்ட இடம் இல்ல."

அதற்குள் எங்களைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர்காரர் சின்ன வயசு, மரியாதையான பையன். மேசையில் அந்தப் புத்தகம் இருந்தது. ஓரமெல்லாம் கசங்கி, வண்ணத் தாள்கள் ஒட்டி, படித்துத் தேய்ந்த புத்தகம். அதைப் பார்த்து இவர் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"தம்பி, இந்தப் புக்கை எழுதினது நான்தான்."

அவன் இவரை மேலும் கீழும் பார்த்தான். "அப்படிங்களா சார்? ஐடி கார்டு இருக்கா?"

அடையாள அட்டையில் வேறு பெயர். பின்னட்டையில் படம் இல்லை. இவர் அவன் எழுதிய கடிதத்தையே எடுத்து நீட்டினார். அவ்வளவுதான், அவன் முகம் மாறிவிட்டது.

"இது நான் அவருக்கு அனுப்பினது. இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு? அவருக்குப் போற தபாலையே திருடிட்டீங்களா?"

"பதிப்பாளருக்குப் போன் போட்டுக் கேளுங்க தம்பி, நம்பர் தர்றேன்."

"நீங்க குடுக்கற நம்பருக்கு நான் பேச மாட்டேன் சார். புக்குல இருக்கற நம்பருக்குத்தான் பேசுவேன்." பேசினான். பதிப்பகம் இடம் மாறி ஆறு மாதம் ஆகிறது. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று குரல் வந்தது. நானாக இருந்தால் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

இவர் கடைசியாக முதல் பதிப்பைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். "இந்தா பாருங்க. 'மாதிரிக்கு மட்டுமே.' உங்க புக்குல இந்த வரி விட்டுப்போச்சு."

அவன் இரண்டையும் பொறுமையாகப் பார்த்தான். "சார், இது பழசு. புதுசுல இந்த வரியை எடுத்திருக்காரு. அவர் மாதிரி ஆள் ஒரு வரியை எடுத்தா, ஏதாவது காரணம் இல்லாம எடுப்பாரா?"

காரணம் அவனுக்கு முன்னால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான்தான் தம்பி எடுத்தேன், ஒரு ஃபாரம் மிச்சம் பிடிக்க எடுத்தேன் என்று சொன்னால் போதும். இப்படி ஒரு கேவலமான காரணத்தை எந்தத் திருடனும் ஜோடிக்க மாட்டான், அவன் நம்பியிருப்பான். என் கணவர் பக்கத்தில் இருந்தார். நான் வாயே திறக்கவில்லை.

காவலாளி வந்து எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். இவர் தன் போன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி அந்தப் பையனின் புத்தகத்துக்குள் செருகிவிட்டு வந்திருந்தார். படி இறங்கும்போது என்ன சொன்னார் தெரியுமா? "அவன் செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. நல்லாப் படிச்சிருக்கான்."

தலைமை மருத்துவருக்குப் பதிவுத் தபால் போட்டார். அது கம்ப்யூட்டர் பிரிவின் பார்வைக்கு அனுப்பப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது. அதாவது அந்தப் பையனிடமே. போலீஸ் நிலையத்துக்குப் போனார். "திருட்டுப் போச்சா சார்? போகலையா? போனப்புறம் வாங்க" என்றார்கள். பதிப்பாளர் தன் புதிய மெயில் முகவரியிலிருந்து அவனுக்கு எழுதினார். தெரியாத முகவரி, அவன் திறந்திருக்கவே மாட்டான்.

ஒரு மத்தியானம் எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்களுக்குத்தான் பாஸ்வேர்ட் தெரியுமே! நீங்களே உள்ள போய் மாத்தித் தொலைங்களேன். ரெண்டு நிமிஷ வேலை!"

"அது தப்பு. நல்லதுக்குப் போனாலும் அடுத்தவன் வீடு அடுத்தவன் வீடுதான். முதல் அத்தியாயத்துல என்ன எழுதியிருக்கேன்?"

"உங்க அத்தியாயத்தைத் தூக்கி உடைப்புல போடுங்க! ஒவ்வொண்ணும் நம்ம கழுத்தைத்தான் நெரிக்குது!"

அவர் பின்னறைக்குப் போய் உட்கார்ந்தார். நான் கதவருகே நின்று பார்த்தேன். மருத்துவமனையின் நுழைவுப் பக்கம் திரையில் வந்தது. கை விசைப்பலகைக்கு மேல் நின்றது. பிறகு இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார், குளிரில் வைத்துக்கொள்கிற மாதிரி.

"நான் உள்ள போனேன்னா, அவன் என்னைப் பத்தி நினைச்சது சரின்னு ஆயிடும்" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

பத்தொன்பதாவது நாள் காலையில் போன் வந்தது. அந்தப் பையன். அவன் பேசியது எனக்கும் கேட்டது.

"சார்... நிஜமாவே நீங்கதானா சார்?"

"ஆமா தம்பி."

"உள்ள பூந்துட்டாங்க சார். ஒரு ஃபைலும் திறக்க மாட்டேங்குது. எல்லாத்தையும் பூட்டி வச்சிருக்காங்க. என்ன சார் பண்றது?"

"நகல் எடுத்து வச்சிருப்பீங்களே?"

"வச்சிருந்தேன் சார். அதுக்கும் அதே பாஸ்வேர்ட்தான்." அவன் விசும்புவது கேட்டது. "சொல்லுங்க சார், நீங்க சொன்னா செய்யறேன்."

இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்ணும் பண்ண முடியாது தம்பி" என்றார்.

போனை வைத்ததும் நான் சொல்லிவிட்டேன். ஃபாரம், பென்சில், அன்றைய பொய், எல்லாம். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார், முகத்தில் கோபம்கூட இல்லை.

"வரியை எடுத்தது போகட்டும். நான்தானே எடுக்கச் சொன்னேன்" என்றார். "அன்னிக்கு அவன் காரணம் கேட்டானே, அப்ப சொல்லியிருக்கலாமே."



அடுத்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் அந்த மருத்துவமனைக்குப் போகிறோம். அங்கே எல்லாம் மறுபடி காகிதத்துக்கு வந்துவிட்டது. கூடத்தில் மேசைகள் போட்டு, நோயாளிகளைக் கேட்டுக் கேட்டுப் புதிதாக எழுதுகிறார்கள். எழுதத் தெரிந்த யார் வந்தாலும் சரி என்றார்கள். இவர் அந்தப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் புதிதாக அமைக்கிறார். எனக்கு ஒரு மேசையும் அச்சடித்த படிவங்களும் கொடுத்திருக்கிறார்கள். பென்சில் என்னுடையதே.

நான்காவது நாள் அந்த அம்மா என் மேசைக்கு வந்தாள். கூடவே அந்தப் பெண். கையில் பை இல்லை.

பெயர், வயது, எத்தனை வருஷமாக வலிப்பு என்று எழுதிக்கொண்டே வந்தேன். 'ஒத்துக்காத மருந்து' என்ற இடம் வந்தது.

"கொப்புளம் போட்டுச்சுன்னீங்களே, அது எந்த மாத்திரை?"

அவள் யோசித்தாள். நெற்றியைத் தேய்த்தாள். "வெள்ளையா இருக்கும்... நடுவுல ஒரு கோடு." மேசையில் மாதிரிக்கு வைத்திருந்த மாத்திரை அட்டைகளைக் காட்டினேன். வெள்ளையாகவும் நடுவில் கோட்டோடும் பதினோரு மாத்திரைகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். குழந்தை அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பழைய சீட்டு எதுவுமே இல்லையா?"

"குப்பைக்காரர்கிட்ட போட்டுட்டேனே." அப்போதுதான் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "ஐயோ, நீங்கதானே அன்னிக்கு வச்சுக்கோங்கன்னு சொன்னீங்க! நான்தான் கேக்கல. பெத்தவ நானே தூக்கிப் போட்டுட்டேன். என் தப்புதான்."

"இல்லம்மா, உங்க தப்பு இல்ல. தப்பு எங்களுது. என்னுது."

"நீங்க நல்ல மனசுக்காரங்க, அதான் இப்படிச் சொல்றீங்க" என்றாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. "ஒம்பது வருஷம் தூக்கிச் சுமந்தேன். இன்னும் ஒரு மாசம் சுமந்திருக்கக் கூடாதா நான்?"

பின்னால் வரிசை நீண்டிருந்தது. யாரோ, "சீக்கிரம் ஆகட்டும்மா" என்றார்கள். நான் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, அந்தக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன்.